கதவைச் சாத்திச் சுட்ட கச்சாயம்

1

ஆடிப் பதினெட்டு வந்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடுகிறது. ஊரில் இருக்கிற நீங்கள் வண்டி கட்டிக்கொண்டு மோகனூருக்குப் போவீர்கள். காவிரியில் புது வெள்ளத்தில் முழுகிவிட்டு, ஈரத் துணியோடு மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்பீர்கள். நான் இங்கே மலாயாவில், பேராக் சீமையில், மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ஓலைக் கொட்டகையில் நின்றுகொண்டு கூலிக்காரர் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். ஆறு இங்கேயும் உண்டு. ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்து செம்மண் குழம்பாக ஓடும். அதில் முழுகினால் வேட்டிக்குச் சாயம் ஏறும், அவ்வளவுதான்.

விடியுமுன் தகரத்தைத் தட்டுவார்கள். ஆட்கள் வாளியும் கத்தியுமாகப் பால் வெட்டப் போவார்கள். அவர்கள் போன பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும். பாதிப் பிள்ளைகள் வராது. ஏன் வரவில்லை என்று கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து யாரை ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்று தோட்டத்து ஆபீசில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக, கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணி எல்லோருடைய சொந்த ஊரையும் மறுபடி விசாரித்தார். என் முறை வந்தபோது, "எருமப்பட்டி, நாமக்கல் தாலுகா, சேலம் ஜில்லா" என்றேன்.

"பழைய ரிஜிஸ்தரில் திருச்சி ஜில்லா என்று இருக்கிறதே, வாத்தியாரே?"

"நான் கப்பலேறும்போது எங்கள் தாலுகா திருச்சியோடு இருந்தது. பிற்பாடு சேலத்தோடு சேர்த்துவிட்டார்கள்."

"அதெப்படி ஐயா, ஊர் நகருமா?"

நகர்ந்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு ஜில்லாவையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். ஆக, இந்தத் தோட்டத்துக் கணக்கில் நான் கேள்விக்குறியோடு இருக்கிற ஆசாமி. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

தோட்டத்துக்குப் பின்னால் மலை. மலையிலும் காட்டிலும் இருக்கிற ஜனங்களை எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் 'சக்காய்' என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் நல்லம்மாள்தான் என்னைத் திருத்தினாள். அது மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயராம், அடிமை என்கிற மாதிரி அர்த்தமாம். காதில் விழுந்தால் முகம் சுண்டிப்போகுமாம். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'செனாய்' என்று. மனிதர் என்று பொருள். நம்மூர்ச் சந்தைக்குக் கொல்லிமலைக்காரர்கள் தேனும் தினையும் சுமந்துகொண்டு இறங்கி வருவார்களே, அவர்களை நாம் என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

நல்லம்மாள் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் அவசரத்தில் மலாய்தான் வாயில் வரும். மழை வந்தால் "ஊஜான்! ஊஜான்!" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். செனாய்ப் பேச்சும் கொஞ்சம் வரும். எருமப்பட்டி எப்படி இருக்கும் என்று என்றைக்காவது கேட்பாளா என்று பார்க்கிறேன், கேட்பதில்லை. அவளுக்குக் கூட்டாளி மெலோர் என்கிற செனாய்ப் பெண். மெலோர் என்றால் மல்லிகையாம். ஒரே வயது இருக்கும்.

மெலோரின் தகப்பன் அலாங். பிரம்பும், நாற்றமடிக்கிற ஒரு காட்டு அவரையும் கொண்டுவருவான். உப்பும் புகையிலையும் வாங்கிக்கொண்டு போவான். வந்தால் எங்கள் வீட்டு வாசலில் குந்துவானே தவிர இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கமாட்டான். கொடுத்தால் வாங்கிக்கொள்வான், ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டான். தரையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போகிறவன் போலப் போய்விடுவான். முதலில் எனக்குக் கோபம் வரும். பிறகு ஒருநாள் நல்லம்மாள் மூலமாகக் கேட்டேன். நன்றி சொன்னால், நீ இவ்வளவு கொடுப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னது போல ஆகிவிடுமாம். அதாவது, உன்னைக் கஞ்சன் என்று நினைத்திருந்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதாம். அன்றையிலிருந்து நான் யாருக்காவது நன்றி சொல்லும்போதெல்லாம் நாக்கு ஒரு கணம் தடுமாறுகிறது.

அவனிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. என் குடையை ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் வழக்கப்படி ஒருவன் ஆசைப்பட்டதைக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தே நான் குடையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மாதச் சம்பளக்காரனுக்கு இந்தத் தர்மமெல்லாம் கட்டுபடியாகாது.

3

போன வருஷத்து ஆடிப் பதினெட்டன்று என் மனைவி பாவாயி கச்சாயம் சுட்டாள். அரிசி மாவில் வெல்லப் பாகு ஊற்றிப் பிசைந்து எண்ணெயில் போட்டு எடுப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே வெல்லம் கிடைப்பதே பெரிய பாடு. தாப்பா டவுனில் ஒரு செட்டியார் கடையில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தேன்.

பண்டம் சுடும்போது பிறத்தியார் கண் படக்கூடாது என்பது நம் பெண்களுக்குப் பிறவியிலேயே வந்த பயம். கண் பட்டால் பண்டம் எண்ணெயைக் குடித்துவிடும், தின்கிற பிள்ளைக்கு வயிறு கடுக்கும். ஊரிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சுடுவார்கள். ஆனால் சுட்டு இறக்கியதும் கதவைத் திறந்து நாலு வீட்டுக்குக் கிண்ணத்தில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அப்புறந்தான் நம் வாயில் படும். இங்கே பக்கத்து லயத்தில் இருப்பவர்கள் எந்த ஊர், எந்தச் சாதி என்று பார்த்துப் பார்த்தே கொடுக்கிற வழக்கம் நின்றுபோயிற்று. சாத்துகிற வழக்கம் மட்டும் மிஞ்சியது.

அன்றைக்கு அவள் முதல் ஈடு எடுக்கிற நேரம், வாசலில் அலாங்கும் மெலோரும் வந்து நின்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னேன்.

"ஏனுங்க, அந்தக் கதவ நல்லாச் சாத்துங்க. எண்ணெச் சட்டி அடுப்புல இருக்குது. காட்டுக்காரங்க கண்ணு பொல்லாத கண்ணுங்க" என்றாள் பாவாயி.

"உப்பு வாங்க வந்திருப்பான்."

"நாளைக்கு வரச் சொல்லுங்க. அம்முணி, நீ போயி அம்மா ஊட்டுல இல்லேன்னு சொல்லீட்டு வா."

நல்லம்மாள் ஒரு கச்சாயத்தைக் கடித்தபடியே கதவை ஒருக்களித்துத் திறந்து, அம்மா இல்லை என்றாள். உள்ளே சட்டி சுர்ரென்று பொரிகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அந்த இடுக்கு வழியாக மெலோர் உள்ளே பார்த்தாள். வெல்லமும் எண்ணெயும் மணக்கிற மணத்துக்கு அவள் மூக்கு விரிந்தது எனக்கே தெரிந்தது. அலாங் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கதவைச் சாத்திவிட்டு நாங்கள் உட்கார்ந்து தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

4

மறுநாள் காலையில் நல்லம்மாளுக்கு வயிற்றுவலி. வாந்தி எடுத்தாள். அவள் தின்ற அளவுக்கு வயிறு வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம் என்றேன். பாவாயி கேட்டுக்கொள்ளவில்லை.

"நாந்தான் சொன்னனே. அந்தப் புள்ளெ கண்ணு பட்டுருச்சுங்க. உள்ளார பூந்து பாத்துதே, நீங்களும் பாத்தீங்கல்ல?"

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை, இது பெரிய கண் என்று முடிவுகட்டினாள். கண் போட்டவர்களின் காலடி மண்ணை எடுத்துச் சுற்றிப் போட்டால்தான் தீரும் என்றாள். காட்டுக்குள் போய்க் காலடி மண்ணுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அலாங் வந்து நின்றான். கூட ஒரு கிழவியும் இன்னொரு ஆளும் வந்திருந்தார்கள். இடுப்பில் பாரங்கத்தி இருந்தது. லயத்து ஆட்கள் பயந்துபோய்த் தூரத்தில் கூடினார்கள்.

பாவாயி வேகமாக வெளியே போனாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலாங்கின் காலடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

அலாங் அலறிக்கொண்டு பின்னால் குதித்தான். இந்தச் சீமையில் ஒருவனுடைய காலடி மண்ணை எடுப்பது அவனுக்குச் சூனியம் வைக்கத்தான். கிழவி ஏதோ கத்தினாள். பாவாயியும் பயந்துவிட்டாள், ஆனாலும் கைமண்ணை விடவில்லை.

நல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர்களோடு கொஞ்சம் பேசினாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவங்க சண்டைக்கு வரலெ. நேத்து இங்கிருந்து போற வழியில மெலோரப் பாம்பு கடிச்சிருச்சாம்."

"பாம்பா?"

"கச்சாயத்தப் பாத்து ஆசெப்பட்டாளாம். குடுக்காம உட்டதுனால புணான் புடிச்சுருச்சாம். நம்ம கச்சாயத்தத் தொட்டு அவ ஒதட்டுல வெக்கோணுமாம். அதுக்குத்தான் வந்திருக்காங்க."

புணான் என்பதை நான் முன்பே அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஒருவர் ஒரு தின்பண்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அது கிடைக்காமல் போனால், ஆசைப்பட்டவருக்குக் கெடுதல் வந்து சேரும். பாம்போ பூரானோ கடிக்கும், மரத்திலிருந்து விழுவார். அதனால்தான் அவர்கள் கேட்பதில்லை, கேட்டு இல்லை என்றாகிவிட்டால் ஆபத்து. அதனால்தான் எதிரில் இருப்பவரைக் கேட்க வைக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். நம்மூரில் வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு மட்டும் வைத்திருக்கிற சட்டத்தை இவர்கள் எல்லா மனிதருக்கும் எல்லா நாளைக்கும் வைத்திருக்கிறார்கள்.

பாவாயி மண்ணும் கையுமாக நின்றாள். அவளுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

"கண்ணு போட்டது அந்தப் புள்ளெ. நோவு வரவேண்டியது நம்ம புள்ளைக்கு, வந்துமிருக்குது. பாத்தவளப் பாம்பு எதுக்குங்க கடிக்குது?"

"அவர்கள் கணக்கில் பார்த்தவளுக்குத்தான் கெடுதல்."

"அப்ப நாம கதவச் சாத்துனது..."

ஒரே சட்டிக் கச்சாயத்துக்காக இரண்டு வீட்டிலும் பிள்ளை படுத்திருந்தது. இவள் எங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுதான் தன் பெண்ணைக் கடித்தது என்று அலாங் வந்து நிற்கிறான். ஆனாலும் அவன் முகத்தில் கோபம் இல்லை. அவன் கேட்டது ஒரு துண்டுக் கச்சாயம்.

பாவாயி கைமண்ணை அலாங் நின்ற இடத்திலேயே உதறினாள். உள்ளே போய், பரண்மேல் ஒளித்து வைத்திருந்த தகர டப்பாவை எடுத்து வந்து அப்படியே நீட்டினாள். கிழவி வாங்கவில்லை. கொடுக்காமல் விட்டவள் கையாலேயே வைத்தால்தான் நல்லது என்றாளாம்.

"நான் வாரேன்னு சொல்லு சாமி" என்றாள் பாவாயி, மகளைப் பார்த்து.

5

முதலில் நான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காட்டு ஜனங்களுக்கு மருந்து கொடுக்க உத்தரவில்லை, துரையிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார் அங்கே மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர். துரை ஈப்போ போயிருந்தார். டிரெஸ்ஸர் நல்லவர்தான். உத்தரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே துணிச்சுருளையும் மருந்துப் பொட்டலத்தையும் மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்து எல்லையைத் தாண்டி அறியாதவள் பாவாயி. மூங்கில் பாலத்தில் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். டப்பாவை மட்டும் என்னிடம் கொடுக்கவில்லை. நடுவழியில் சொன்னாள்:

"சந்தைக்கு வர்ற மலெக்காரிக எங்க ஊட்டு மாட்டுக்கொட்டாய்ட்டத்தான் வந்து ஒக்காருவாங்க. எங்கம்மா அவங்களுக்குத் தண்ணிய ஒசரத் தூக்கித்தான் ஊத்துவா. கையில ஏந்திக் குடிப்பாங்க. எனக்கு அவங்க கொண்டார தினெ மேலதான் கண்ணு. பாத்துக்கிட்டே நிப்பேன். ஒருத்தி ஒரு பிடி அள்ளி எம்மடியில போட்டுட்டுத்தான் தண்ணியே குடிப்பா. கேக்கவே மாட்டேனுங்க, அவளாப் போடுவா."

கழிகள் நட்டு உயர்த்திய மூங்கில் வீட்டில் மெலோர் படுத்திருந்தாள். வலது கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. நான் புண்ணைச் சுற்றிக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுப் போட்டேன். அவர்களும் ஏதோ பச்சிலையை அரைத்து அப்பியிருந்தார்கள். அதன்மேல் கட்டலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, பச்சிலையை விலக்காமல் ஓரமாகவே கட்டினேன்.

பாவாயி டப்பாவைத் திறந்தாள். கச்சாயத்தில் ஒரு விள்ளல் கிள்ளி அந்தப் பெண்ணின் உதட்டில் வைத்தாள். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் இவள் தூங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மெலோர் கண்ணைத் திறக்காமல் நாக்கை நீட்டி நக்கினாள். இன்னொரு விள்ளலையும் தின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாவாயி மட்டும் அழுதாள்.

திரும்பி வரும்போது, "ஒருத்தராச்சும் ஒரு நல்ல வார்த்தெ சொன்னாங்களா பாருங்க" என்று முணுமுணுத்தாள். நன்றி சொன்னால் அவளைக் கஞ்சத்தனக்காரி என்று திட்டியதாக ஆகிவிடும் என்று விளக்கினேன். "அதுஞ் சரிதான்" என்றாள்.

மெலோர் பிழைத்துவிட்டாள். மருந்தா, பச்சிலையா, கச்சாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். கால் வீக்கம் வடிய வெகுநாள் ஆயிற்று. இப்போதும் இலேசாக இழுத்துத்தான் நடக்கிறாள். நல்லம்மாளின் வயிற்றுவலி அன்று சாயங்காலமே போய்விட்டது. கண் கழிந்தது என்றாள் அவள் அம்மா.

6

ஆனால் அதற்குப் பிறகு அலாங்கிடம் ஒரு புதுப் பழக்கம். வரும்போதெல்லாம் முதலில் பாவாயியின் கால்களைத்தான் பார்ப்பான். குந்தி உட்கார்ந்து பாதத்தையும் கெண்டைக்காலையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் புகையிலைக்குக் கை நீட்டுவான். வருஷம் முழுக்க இதே கூத்து.

"என்னுங்க அந்த மனுசன் எங்காலையே பாக்கறான்? நான் மண்ணெடுத்ததுக்கு எம்மண்ண எடுக்கப் பாக்கறானோ என்னமோ" என்று அவள் புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். அவன் போனதும் அவன் எதிரில் தான் நடந்த தடத்தையெல்லாம் விளக்குமாற்றால் கூட்டி அழிப்பாள்.

இன்று ஆடிப் பதினெட்டு. இந்த வருஷம் கதவைச் சாத்தாமல்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள். லயத்துப் பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. எந்த ஊர், எந்தச் சாதி என்று அவள் கேட்கவில்லை. முதல் ஈடு அவர்களோடே போயிற்று. எனக்கு வந்தது ஓரம் கருகிய ஒன்று.

அந்த நேரத்துக்கு அலாங் வந்தான், மெலோரும் கூட வந்தாள். வழக்கம்போல் பாவாயியின் கால்களைப் பார்த்தான். பிறகு முதுகிலிருந்த பிரம்புக் கூடையை இறக்கி அவள் முன்னால் வைத்தான். கூடை நிறையத் தினைக் கதிர். பொன்னிறத்தில், நரிவால் போல வளைந்து, கொல்லிமலைச் சரிவில் விளைகிறதே அதே தினை. இவர்களும் மலையில் காட்டைத் திருத்தி விதைக்கிறார்கள் என்பது எனக்கு இத்தனை காலம் தெரியாது.

நான் நல்லம்மாளைக் கேட்டேன். அவள் சொன்னாள்: "அலாங் மாமாதான் போன வருசமே என்னெக் கேட்டாருப்பா. சோத்த ஒளிச்சு வெக்கறவ கெட்டவ இல்லியாம். அவளே எதுக்கோ ரொம்ப நாளா ஏங்கிக் கெடக்கறவளாம். ஒங்கம்மா எதுக்கு ஏங்கறான்னாரு. அம்மா எந்நேரமும் ஊருத் தினெ, ஊருத் தினென்னு சொல்லுதில்ல, அதெச் சொன்னேன். அறுப்பு வரைக்கும் பொறுக்கோணுமே, அதுக்குள்ள அம்மாளப் பாம்பு கடிச்சுருமேன்னு பயந்துக்கிட்டே இருந்தாரு. அதான் காலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. முன்னாடியே சொன்னா அம்மாளுக்கு ஆசெ இன்னுங் கூடீருமாம், அதான் நானுஞ் சொல்லலெ."

பாவாயி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

அவளுக்கு வேண்டியது தினை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். எருமப்பட்டிச் சந்தை வேண்டும், மோகனூர் ஆறு வேண்டும், அவள் அம்மாவை உயிரோடு ஒருமுறை பார்க்க வேண்டும். கொடுக்க என்னிடம் இல்லை என்று தெரிந்துதான் அவள் கேட்பதில்லை. புணான் என்ற வார்த்தை தெரியாமலே இந்த வீட்டில் நாங்கள் அதற்குப் பயந்துதான் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

அவள் ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். உமியை ஊதினாள். மாவாக்கவில்லை, வேகவைக்கவில்லை. இரண்டு மணியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கண் ஓரத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அலாங் இன்னும் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்முணி, மாமங்கிட்டச் சொல்லு" என்றாள் பாவாயி. "இனி என்னெப் பாம்பு கடிக்காதுன்னு சொல்லு."

நல்லம்மாள் சொன்னாள். அலாங் தலையை நிமிர்த்தி, அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தான்.